ஞானதிரவியத்தின் தொப்பி

கமிட்டி ரூம் கதவு சாத்தித்தான் இருக்கிறது. ஆனால் மேலே வென்டிலேட்டரில் ஒரு கண்ணாடி உடைந்து நாலு வருஷமாகிறது, யாரும் மாற்றவில்லை, அந்த ஓட்டை வழியாக உள்ளே பேசுவதெல்லாம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற என் காதில் வந்து விழுகிறது. மற்றவனுக்கு விழாது, எனக்கு விழும். முப்பத்தோரு வருஷமாக இந்த மைதானத்தில் காதை வைத்துப் பிழைத்தவன் நான். பந்து தரையில் குத்துகிற சத்தத்தை வைத்தே மேல்மண் காய்ந்து அடியில் ஈரம் நிற்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். படித்தது அஞ்சாம் கிளாஸ்தான், இருந்தாலும் இந்த வேலையில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, ஒருத்தனைத் தவிர. அந்த ஒருத்தன் இப்போது உள்ளே இருக்கிறான். அவனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவனை எதிரே உட்காரவைத்துக்கொண்டே, அவன் அங்கே இல்லாதது மாதிரி. மெட்ராஸிலிருந்து வந்திருக்கிற அந்தப் பொண்ணு மஞ்சரியின் குரல்தான் தெளிவாகக் கேட்கிறது. பத்திரிகைக்காரர்களைச் சமாளிப்பதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறதாம், அதைப் படித்தவளாம், கிரிக்கெட் சங்கத்துப் பேர் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ள செகரட்டரி வரவழைத்திருக்கிறார். "'இது ஒரு தனிநபரின் செயல்'னு ஆரம்பிக்கலாம் சார். சங்கம்ங்கிற வார்த்தையே முதல் பாராவுல வேண்டாம்" என்கிறாள். "பேரு போடணுமாம்மா? பாவம், ரொம்ப நாள் வேலை பாத்தவன்" என்கிறார் செகரட்டரி. "போட்டாத்தான் சார் நிக்கும். பேரு இல்லாம விட்டா ஆளாளுக்கு அந்த இடத்துல உங்க பேரைப் போட்டுப் பாத்துப்பாங்க." அப்புறம் அவள் மெதுவாக, எழுதிக்கொண்டே படிக்கிறாள், "எஸ். ஞானதிரவியம், தலைமை மைதானப் பராமரிப்பாளர்." கேட்டதும் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும், ஐயோ பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பார், இனிஷியலோடு போடுகிறார்கள் என்றுதான் தோன்றியது. பழி சொல்லும்போதுகூட அவனுக்கு இனிஷியல் உண்டு. இந்த வயிற்றெரிச்சலை வைத்துக்கொண்டு நான் எந்தச் சாமி முன்னால் போய் நிற்பேன்.

இரண்டு பேரும் ஒரே மாசத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தோம், அவன் திங்கட்கிழமை, நான் அதற்கு முந்தின வியாழக்கிழமை. அந்த நாலு நாள் மூப்புக்காக அவன் இன்றுவரை என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறான். அந்த மரியாதைகூட எனக்குச் சில நாள் குத்தும், மேலே ஏறிப்போனவன் கீழே நிற்கிறவனைக் குனிந்து அண்ணாச்சி என்று கூப்பிட்டால் அதில் என்ன மூப்பு இருக்கிறது. கல் ரோலரை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தவர்கள் நாங்கள். அவன் தோளும் என் தோளும் ஒரே மாதிரி காய்த்துப்போயின. இந்தப் பெருவிரல், வலது கைப் பெருவிரல், ரோலர் ஏறி நுனி நசுங்கிக் கோணிக்கொண்டதே, அன்றைக்கு மறுபக்கம் பிடித்திருந்தவன் அவன்தான். "அண்ணாச்சி, கைய எடுங்க, கைய எடுங்க" என்று கத்தினான், நான் எடுக்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போனவனும் அவனே. அப்போதெல்லாம் பொறாமை என்றால் என்னவென்று தெரியாது. ஆறு வார கோர்ஸ் ஒன்று வந்தது, மெட்ராஸில், பிட்ச் போடுவதைப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று, பத்தாம் கிளாஸ் பாஸ் பண்ணியிருக்க வேண்டும் என்று. எனக்கு மண் தெரியும், எந்தக் குளத்துக் களிமண் வெடிக்கும், எது வெடிக்காது என்று தெரியும், ஆனால் அந்த விண்ணப்பப் பாரத்தில் அதைக் கேட்கவில்லை. அவன் போனான். திரும்பி வந்தபோது தலையில் ஒரு தொப்பி, அகலமான வெள்ளைத் தொப்பி, சுற்றிலும் குடை மாதிரி விளிம்பு, முன்னால் பச்சை நூலில் எழுத்து. அது வெயிலுக்குப் போடுகிற தொப்பிதான், கிரீடம் இல்லை. ஆனால் அது வந்த நாளிலிருந்து ஆட்டக்காரர்கள் எல்லாம் நேரே அந்தத் தொப்பியிடம்தான் போவார்கள். டாஸ் போடுவதற்கு முன்னால் கேப்டன் வந்து தொப்பியின் தோளில் கை போட்டு "என்ன அண்ணே, எப்படி இருக்கும்?" என்று கேட்பான். நான் பக்கத்தில் துடைப்பத்தோடு நிற்பேன். வருஷ மலர் போடுவார்களே, அதில் அவன் போட்டோ, கீழே பேர். அதற்கடுத்த வரி, 'மற்றும் மைதான ஊழியர்கள்'. அந்த 'மற்றும்' நான்தான். மருமகள் அந்த மலரை எடுத்து வைத்துக்கொண்டு "இதுல நீங்க எங்க மாமா?" என்று கேட்டாள், இந்தா, இங்கே என்று அந்த 'மற்றும்' மேல் விரல் வைத்துக் காட்டினேன், அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன், அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆக, அந்தத் தொப்பி. அரையிறுதி ஆட்டத்தன்று காலை, ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால், ஷெட்டில் ஆணியில் அது தொங்கிக்கொண்டிருந்தது, அவன் சர்ச்சுக்குப் போயிருந்தான், பெரிய ஆட்டம் என்றால் முதல் ஜெபத்துக்குப் போய்விட்டுத்தான் வருவான். முந்தின நாள் சாயங்காலம் எங்களுக்குள் பேச்சு. அவனுக்குச் சங்கம் வாங்கிக் கொடுத்த ஒரு மீட்டர் இருக்கிறது, இரண்டு கம்பியை மண்ணில் செருகினால் நம்பர் காட்டும், அதைப் பார்த்துவிட்டு "தண்ணி போதும் அண்ணாச்சி, இனிமே வேண்டாம்" என்றான். நான் "வேணும்வே, இன்னும் ஒரு கை தெளிக்கணும், நாளைக்கு மத்தியானம் பொடிஞ்சிரும்" என்றேன். "மீட்டர்ல பதினாலு காட்டுது அண்ணாச்சி." "உன் மீட்டர் நேத்துப் பொறந்தது." அவன் சிரித்தான், கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அதனால்தான் காலையில் சீக்கிரமே போனேன், எனக்கு மீட்டர் என்று ஒன்று உண்டு, பீரோச் சாவி, நீளமான இரும்புச் சாவி, அதை மண்ணில் குத்தி எவ்வளவு இறங்குகிறது, இழுக்கும்போது எப்படி இழுக்கிறது என்று பார்ப்பேன், வீட்டில் பீரோவைத் திறந்தால் உள்ளே களிமண் உதிர்கிறது என்று மருமகள் சத்தம் போடுவாள், போடட்டும். இந்தப் பக்கம் இரண்டு இடம், அந்தப் பக்கம் இரண்டு இடம், குத்திப் பார்த்துவிட்டு எச்சில் தொட்டுப் பெருவிரலால் துளையை மூடித் தேய்த்துவிடுவேன், ரோலர் ஏறினால் தடமே இருக்காது. இதைத்தான் செய்யப் போனேன். போகிறபோது ஆணியில் தொப்பி. சுற்றிலும் ஆள் இல்லை. எடுத்துத் தலையில் வைத்தேன். அவ்வளவுதான். அவனுக்குப் பெரிய தலை, அதனால் எனக்கு அது காது வரைக்கும் இறங்கிவிட்டது, உள்ளே ஒரே இருட்டு, அவன் தேய்க்கிற எண்ணெய் வாடை, ஆனாலும் நடந்தேன், நடு மைதானம் வரைக்கும் தொப்பி போட்டவன் நடக்கிற மாதிரி நடந்தேன், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு. அறுபத்தொன்று வயது. யாரோ கேப்டன் எதிரே வருகிற மாதிரி நினைத்துக்கொண்டு "பேட்டிங் எடுங்க தம்பி" என்றுகூடச் சொன்னேன், வாய்விட்டு. அப்புறம் குந்தி உட்கார்ந்து சாவியைக் குத்தினேன். நாலு இடத்திலும் ஒரே மாதிரி இறங்கியது, ஒரே மாதிரி இழுத்தது. மீட்டர் சொன்னது சரி. தண்ணீர் வேண்டியதில்லை. அதுதான் அன்றைக்கு என் வாய்க்குள் கசந்தது, அவன் தொப்பிக்குள்ளே உட்கார்ந்துகொண்டு அவன் சொன்னதுதான் சரி என்று கண்டுபிடித்தேனே, அது.

எதிரே கட்டியிருக்கிற அடுக்குமாடி வீட்டில் யாரோ ஒருவன் பால்கனியில் பல் விளக்கிக்கொண்டே நான் குந்திச் சாவி குத்தியதைப் போனில் எடுத்திருக்கிறான். சூரியன் உதிக்கிறதை எடுக்க வந்தவனாம். அன்றைக்கு மத்தியானம் வேங்கைகள் டீம் ஒரு விக்கெட்டுக்குத் தொண்ணூறு என்று நின்றவர்கள் நூற்றுப் பதினெட்டில் சுருண்டு விழுந்தார்கள், மறுநாளே பைபாஸ் ரோட்டு லாட்ஜில் மூன்று பேரைப் போலீஸ் பிடித்தது, இருபது போனோடு, சூதாட்டம் என்று. அந்த டீம் முதலாளியின் மச்சானும் அதே லாட்ஜுக்கு வந்து போனான் என்று இரண்டு நாள் பேப்பரில் வந்தது, மூன்றாம் நாள் அது காணாமல் போனது, அதற்குப் பதிலாக இந்த வீடியோ டிவியில் வந்துவிட்டது, தொப்பியைச் சுற்றிச் சிவப்பு வட்டம், அம்புக்குறி, 'பிட்ச்சில் சதியா?' என்று எழுத்து ஓடுகிறது. டீக்கடையில் எல்லாரோடும் உட்கார்ந்து நானும்தான் பார்த்தேன். "பாருவே, ஞானதிரவியம் செஞ்ச வேலைய" என்றார்கள். பார்க்கத் தெரிந்த ஒருத்தன் இருந்திருந்தால் சொல்லியிருப்பான், அந்தத் தொப்பி காதில் இடிக்கிறது, ஞானதிரவியம் தலையில் அது நெற்றிக்கு மேலே நிற்கும் என்று. ஒருத்தனும் தலையைப் பார்க்கவில்லை, தொப்பியைத்தான் பார்த்தார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த ஆட்டத்தில் பிட்ச் ஒரு தப்பும் செய்யவில்லை. அது எனக்குத் தெரியும், பந்து வந்த சத்தம் சுத்தமாக இருந்தது. மட்டையில்தான் சத்தம் சரியில்லை. பதினோராவது ஓவரில் அந்த இடதுகைப் பையன் தூக்கி அடித்தானே, அந்தச் சத்தம், வீட்டுக்காரன் திறந்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கதவைத் தட்டுகிறவன் தட்டுகிற சத்தம் மாதிரி இருந்தது. அதைப் பற்றி உள்ளே இப்போது ஒருவரும் பேசவில்லை. சற்று முன்னே செகரட்டரிதான் கேட்டார், "அந்த மச்சான் விஷயத்தக் கேட்டா?" என்று. "அது விசாரணையில இருக்கு, கருத்து சொல்ல முடியாதுன்னு சொல்லிடலாம் சார். நாம பிட்ச் பத்தி மட்டும் பேசுவோம். தப்பு பண்ணவரை நீக்கியாச்சு, வாழ்நாள் தடை போட்டாச்சு, புகாரும் போலீசுக்குப் போயாச்சு, அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்கிறாள். வாழ்நாள் தடை என்றால் அவன் இனி எந்த மைதானத்துக்குள்ளும் கால் வைக்க முடியாது, வேடிக்கை பார்க்கக்கூட. போலீஸ் என்றால் அது வேறே.

எதிர் பெஞ்சில் எஸ்தர் உட்கார்ந்திருக்கிறாள், ஞானதிரவியத்தின் சம்சாரம். மடியில் தூக்குவாளி. காலையில் சாப்பிடாமல் வந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிற பழைய பிரசிடெண்டுகள் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எல்லாரும் கோட்டு, எல்லாருக்கும் இனிஷியல். பியூன் கொம்பையா டீத் தட்டோடு வருகிறான். "என்னவே சொள்ளமுத்து, மாப்பிள்ளை வீட்டுக்காரன் மாதிரி வெறப்பா உக்காந்திருக்க? உன்னையும் விசாரிக்காவளா?" "கூப்பிட்டாவ." "எதுக்காம்?" "தொப்பி அவனுதுதான்னு ஒரு வார்த்த சொல்லணுமாம்." "பின்ன, உன்னுதாவா இருக்கும்!" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்துக்கொண்டு கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு போகிறான். திறந்த அந்த ஒரு நிமிஷம் தெரிந்தது, நீள மேஜை, மேஜை நடுவில் கண்ணாடித்தாள் பையில் போட்டு அந்தத் தொப்பி, பிணத்தை வைத்திருக்கிற மாதிரி. மேஜைக் கோடியில் ஞானதிரவியம், தொப்பி இல்லாமல். அவன் தலை அவ்வளவு நரைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. கதவு சாத்திக்கொண்டது. என் பைக்குள் சாவி இருக்கிறது, பெருவிரல் அதைத் தடவிக்கொண்டே இருக்கிறது. உள்ளே போய்ச் சொல்லலாம். நான்தான் ஐயா என்று சொல்லலாம். சொன்னால் வேலை போகும், போகட்டும், இருந்தால் இன்னும் இரண்டு வருஷம் இருக்குமா. போலீஸ் கூப்பிடும், அதற்கும் பயம்தான், ஆனால் அது இல்லை. அடுத்த கேள்வி ஒன்று வருமே. சாவியைக் குத்தினாய், சரி, அவன் தொப்பியை எதற்குப் போட்டாய்? அதற்கு என்ன சொல்ல. வெயில் என்று சொல்லலாமா, ஆறு மணிக்கு என்ன வெயில். பனி என்று சொல்லலாமா. இல்லை ஐயா, போட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. பேரப்பிள்ளை எடுத்தவன் இதை நாலு பேர் முன்னால், அதுவும் அவன் முன்னால் சொல்ல வேண்டும். சூதாட்டக்காரனுக்குத் துப்புக் கொடுத்தேன் என்று சொல்வதுகூட எனக்கு இதைவிட லேசாக வாயில் வரும். அதில் ஒரு ஆம்பிளைத்தனமாவது இருக்கிறது.

"அண்ணாச்சி" என்கிறாள் எஸ்தர். எத்தனை தடவை கூப்பிட்டாளோ. "என்னம்மா." "நீங்க உள்ள போனா அவுகளப் பத்தி நல்ல வார்த்த ஒண்ணு சொல்லிருங்க. அவுக அன்னைக்கு என்கூடத்தான் சர்ச்சுல இருந்தாவ. நான் சொன்னா பொண்டாட்டி சொல்லுதான்னு எடுத்துக்க மாட்டேங்காவ. போதகர் சொல்லியும் கேக்கல, முன்ன பின்ன நேரம் மாறியிருக்கும்னு சொல்லுதாவ." நான் தலையை ஆட்டுகிறேன், அந்த ஆட்டலுக்கு எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளலாம். "தொப்பிய வேற ஆளு யாரோதான் எடுத்திருக்கணும்" என்கிறாள். என் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்கிறது. "ஆளு யாருன்னு அவுகளுக்குத் தெரியும் அண்ணாச்சி." "யாராம்?" என்று கேட்கிறது என் வாய். "அதத்தான் சொல்ல மாட்டேங்காவ. அன்னைக்கு ஏழு மணிக்குப் பிட்ச்சுல போய் நின்னப்பவே தெரிஞ்சிட்டாம், நாலு இடத்துல பெருவிரல் வச்சுத் தேச்ச தடம் இருந்துச்சாம். இவுகளே ரோலர விட்டு அத அமுக்கிட்டாவ. யாரு யாருன்னு ரெண்டு ராத்திரி அழுது கேட்டுட்டேன். 'அது கெட்ட கை இல்லட்டி, சும்மா மண்ணப் பாக்க வந்த கை, விட்ரு'ன்னுட்டாவ. இப்படி ஒரு மனுஷன் உண்டா, நீங்களே சொல்லுங்க." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொள்கிறாள். என் வலது கை பைக்குள் இருக்கிறது. அதை வெளியே எடுக்க முடியவில்லை. நசுங்கிக் கோணிப்போன பெருவிரல் இந்த ஊரில் ஒரே ஒரு கையில்தான் இருக்கிறது, அந்தத் தடத்தை உலகத்தில் ஒரே ஒருத்தன்தான் படிப்பான், ஆஸ்பத்திரிக்கு சைக்கிள் மிதித்தவன். படித்திருக்கிறான். படித்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மூன்று வாரமாக "சாப்பிட்டியளா அண்ணாச்சி" என்று கேட்கிறான், இப்போது உள்ளே அந்த மேஜைக் கோடியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான்.

அப்போதாவது எனக்கு நெஞ்சு உருகியிருக்க வேண்டும். உருகியது, இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்கு முன்னால் ஒன்று வந்தது, அடிவயிற்றிலிருந்து, பழைய ஆள், எனக்கு நன்றாகப் பழக்கமான ஆள். இதிலும் இவன்தானா. கோர்ஸ் இவனுக்கு, தொப்பி இவனுக்கு, மீட்டர் இவனுக்கு, மீட்டர் சொன்ன நம்பரும் இவன் பக்கம், போட்டோ, பேர், இனிஷியல், எல்லாம் இவனுக்கு, இப்போது நல்லவன் என்கிறதும் இவனுக்கே போகப் போகிறதா. நான் இங்கே பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அவன் ஜெயிலுக்குப் போனாலும் பெரிய மனுஷனாகத்தான் போவான், அவன் வைத்த ரகசியத்துக்குள்ளே நான் ஒரு புழுவாகக் கிடப்பேன், சாகிற வரைக்கும். அவன் என்னை மன்னித்துவிட்டான் என்பதை நினைத்து நினைத்து எனக்கு உடம்பெல்லாம் எரியும். 'மற்றும்' என்று கிடந்தது போதாதா. விட மாட்டேன். இந்த ஒன்றை மட்டும் அவனுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன். பிரசிடெண்டு போட்டோக்கள் எல்லாம் என்னைப் பார்க்கின்றன, பார்க்கட்டும். நியாயத்துக்காக எழுந்திருக்கிறேன் என்று சொன்னால் அது பொய். "பயப்படாத தாயி" என்று எஸ்தரிடம் சொன்னேன், அதுவும் என் குரல்தான். கதவு திறந்து கொம்பையா தலையை நீட்டி "சொள்ளமுத்து, வாவே, உன் முறை" என்றான். கால் தானாக நடந்தது, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

உள்ளே எட்டு நாற்காலி, எல்லாவற்றிலும் ஆள். செகரட்டரி என்னை நிமிர்ந்து பார்க்காமலே "வாங்க வாங்க, ஒரே ஒரு கேள்விதான், இந்தத் தொப்பி ஞானதிரவியத்தோடதுதானே?" என்றார். "ஆமா ஐயா, அவன் தொப்பிதான்." மஞ்சரி தாளில் ஒரு டிக் போட்டாள், பேனா கிழித்த சத்தம் கேட்டது. "சரி, நீங்க போலாம்." போகவில்லை. ஞானதிரவியம் தலையைக் குனிந்துகொண்டிருந்தான், நரைத்த உச்சி மட்டும் தெரிந்தது. "தொப்பி அவனுது ஐயா. உள்ள இருந்த தலை என்னுது" என்றேன். யாருக்கும் விளங்கவில்லை. விளங்கவைக்க எனக்குப் பேச்சு வராது, அதனால் எட்டி மேஜை மேலிருந்த பையைக் கிழித்துத் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்தேன். அது அன்றைக்கு இறங்கின மாதிரியே இறங்கிக் காதில் வந்து நின்றது. விளிம்புக்குக் கீழே மேஜைப் பலகையும் அவர்கள் கைகளும்தான் எனக்குத் தெரிந்தன, எந்தக் கையும் அசையவில்லை. அதே எண்ணெய் வாடை. "அந்த வீடியோவப் போட்டுப் பாருங்க, காதப் பாருங்க" என்றேன். யாரோ போனில் தட்டினார்கள். "வேண்டாம் அண்ணாச்சி" என்றது ஞானதிரவியத்தின் குரல். "அவுக ஒண்ணும் செய்யல சார், சாவியக் குத்தி ஈரம் பாத்தாவ, நாங்க எல்லாரும் பாக்கதுதான், பிட்ச்சுக்கு அதனால ஒண்ணும் ஆகாது." நான் சாவியை எடுத்து மேஜையில் வைத்தேன், அதிலிருந்து கொஞ்சம் களிமண் உதிர்ந்தது. "அவன் தொப்பிய நீரு எதுக்கு ஓய் போட்டீரு?" என்று கேட்டார் செகரட்டரி. வந்துவிட்டது அந்தக் கேள்வி. தொப்பிக்குள் இருட்டாக இருந்தது, அதனால் சொல்ல முடிந்தது. "ஆசையா இருந்துச்சு ஐயா." ஒருவரும் சிரிக்கவில்லை. நான் முப்பது வருஷம் பயந்த சிரிப்பு வரவே இல்லை, அவர்கள் அதைக் காதிலேயே வாங்கவில்லை, அவர்களுக்கு வேறு அவசரம். "என்னம்மா செய்ய? பன்னெண்டு மணிக்குப் பத்திரிகைக்காரன் வந்துருவான்" என்றார் செகரட்டரி, மெதுவாகத்தான், ஆனால் என் காது தெரியுமே. "ஒரு பிரச்னையும் இல்ல சார். பேர மட்டும் மாத்தினாப் போதும்." "மத்ததெல்லாம்?" "அப்படியே இருக்கட்டும் சார். தனிநபர்னுதானே போட்டிருக்கோம்." "சாவின்னு சொல்லுதாரே." "சாவி எல்லாம் உள்ள போக வேண்டாம் சார், கேள்வி கூடும்." ஞானதிரவியம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்த சத்தம் கேட்டது, "சார், சார்" என்றான், "இவுகளுக்கு ஒண்ணும் தெரியாது சார்" என்றான், உட்காரச் சொன்னார்கள். மஞ்சரியின் விரல்கள் என் விளிம்புக்குக் கீழே வந்தன, ஒரு தாள், அதில் ஒரு வரியை அடித்திருந்தது, அடித்த இடத்துக்கு மேலே பேனா நுனி காத்துக்கொண்டு நின்றது. "ஐயா" என்றாள், மரியாதையாக, பெரியவர்களிடம் பேசத் தெரிந்த பொண்ணுதான். "உங்க பேர இனிஷியலோட சொல்லுங்க." முப்பத்தோரு வருஷத்தில் இந்த அறையில் என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. "பே. சொள்ளமுத்து" என்றேன், நிதானமாக, ஒரு எழுத்தும் விட்டுப்போகாத மாதிரி. பேனா தாளில் போகிற சத்தம் முழுதும் கேட்டது. தொப்பியைக் கழற்றும்படி யாரும் சொல்லவில்லை. நானும் கழற்றவில்லை.